வயற்காட்டுத் தும்மலும் தொழில் நோய்தான்

களையெடுக்கும் பெண்ணுக்கு அடுக்கடுக்காகத் தும்மல் வந்தால் அதை யாரும் நோயாக எண்ணுவதில்லை. "தூசி ஏறிருச்சு" என்பார்கள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரும் அடுத்த பாத்திக்கு நகர்ந்துவிடுவார். யாராவது வெளியே கிளம்பும் நேரத்தில் அவர் தும்மிவிட்டால் சகுனம் கெட்டது என்று ஏச்சு வேறு விழும். கண் சிவந்து, மூக்கில் தண்ணீராய் ஒழுகி, இரவெல்லாம் மூக்கடைப்பில் வாயால் மூச்சு விட்டுப் படுத்தவர், விடிந்ததும் அதே வயலுக்குத்தான் போகவேண்டும். போகாவிட்டால் கூலி இல்லை.

இந்தத் தொல்லைக்கு மருத்துவத்தில் பெயர் உண்டு: ஒவ்வாமை மூக்கழற்சி. ஆங்கிலேயர் இதற்கு 'ஹே ஃபீவர்' என்று பெயர் வைத்தார்கள். தமிழில் சொன்னால் வைக்கோல் காய்ச்சல். பெயரில் இருக்கும் இரண்டுமே சரியில்லை. இது வைக்கோலால் வருவதுமில்லை, இதில் காய்ச்சல் அடிப்பதுமில்லை. புல், பூண்டு, மரம் இவற்றின் பூக்களிலிருந்து காற்றில் பறக்கும் மகரந்தத்தூள் மூக்கிலும் கண்ணிலும் படிகிறது. உடலின் எதிர்ப்பு சக்தி அதைக் கிருமி என்று தவறாக எண்ணிச் சண்டைக்கு இறங்குகிறது. அப்போது 'ஹிஸ்டமின்' என்னும் வேதிப்பொருள் உடலுக்குள் சுரக்கிறது. தும்மல், அரிப்பு, நீரொழுக்கு, அடைப்பு எல்லாம் அதன் வேலை.

எல்லோருக்கும் இது வருவதில்லை. ஆனால் வந்தவர் நாள் முழுவதும் வெளியில் நின்று உழைக்கிறவராக இருந்தால், நோயைத் தருகிற இடமும் சோறு தருகிற இடமும் ஒன்றாகிவிடுகின்றன. இங்கேதான் இது தலித் மக்களின் பிரச்சினையாகிறது.

சீமான்களின் நோய் என்றார்கள்

இந்த நோயின் வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. 1819-ல் லண்டனில் ஜான் போஸ்டாக் என்ற மருத்துவர், ஒவ்வொரு கோடையிலும் தன்னைப் பிடித்தாட்டிய தும்மலையும் கண்ணெரிச்சலையும் பற்றி மருத்துவர் சங்கத்தில் ஓர் அறிக்கை படித்தார். இந்நோயைத் தெளிவாக விவரித்த முதல் அறிக்கைகளில் அதுவும் ஒன்று. ஒன்பது ஆண்டு கழித்து 1828-ல் மேலும் பல நோயாளிகளைப் பற்றி எழுதியபோது, இது நடுத்தர, மேல்தட்டு மக்களிடம் மட்டுமே காணப்படுகிறது, ஏழைகளிடம் ஒருவரைக்கூடப் பார்க்க முடியவில்லை என்று குறிப்பிட்டார்.

1873-ல் மான்செஸ்டர் நகர மருத்துவர் சார்லஸ் பிளாக்லி தன் மூக்கிலும் கண்ணிலும் தானே மகரந்தத்தை இட்டுப் பார்த்து, நோய்க்குக் காரணம் அதுதான் என்று நிரூபித்தார். வயலில் நாளெல்லாம் நிற்கும் உழவர்களைவிடப் படித்த வர்க்கத்தாரையே இது பிடிக்கிறது என்று அவரும் எழுதினார். அமெரிக்காவிலோ இந்த நோயாளிகள் ஒரு சங்கமே வைத்தார்கள். வசதி படைத்தவர்கள் மகரந்தக் காலம் முழுவதும் நியூ ஹாம்ப்ஷயர் மலைப்பகுதி விடுதிகளில் போய்த் தங்கினார்கள். தும்மல் ஒரு கௌரவச் சின்னமாக இருந்த காலம் அது.

மாட்டுத் தொழுவத்தோடும் மண்ணோடும் வளரும் குழந்தைகளுக்கு ஒவ்வாமை குறைவாக வருகிறது என்று இன்றைய ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். ஆகவே அந்தக் காலத்து மருத்துவர்கள் கண்டது முழுப் பொய் அல்ல. ஆனால் அந்தப் பாதுகாப்பு ஆயுள் முழுவதற்குமான கவசமும் அல்ல. நம் ஊரில் கதை திரும்பியதற்குக் காரணம் ஒரு செடி.

பார்த்தீனியம் வந்த வழி

கேரட் இலை போல வெட்டு வெட்டான இலை, உச்சியில் கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ. கண்மாய்க் கரை, வாய்க்கால் மேடு, தரிசு, ரோட்டோரம், மயானப் பாதை எங்கும் இடுப்புயரத்துக்கு நிற்கும் இந்தச் செடியைத் தெரியாதவர் இல்லை. பார்த்தீனியம் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. 1950-களின் நடுவில் புனே நகரில் கண்டறியப்பட்டு, பிறகு நாடு முழுவதும் பரவியது. அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான கோதுமையோடு வந்தது என்று பரவலாகச் சொல்வார்கள். 'காங்கிரஸ் புல்' என்ற பெயரும் இதற்கு உண்டு.

ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். முளைத்து ஒரு மாதத்திலேயே பூக்கத் தொடங்கிவிடும். ஐப்பசி மழையில் முளைத்தது கார்த்திகையில் பூத்துவிடும். கோடை மழை பெய்தால் மறுபடி ஒரு சுற்று. ஈரம் இருக்கும் இடத்தில் ஆண்டு முழுவதும் பூ இருக்கும். செடியில் உள்ள 'பார்த்தினின்' என்ற நச்சுப்பொருள் தோலில் பட்டால் அரிப்பும் கொப்புளமும் வரும். வேலை செய்யச் செய்ய அது கழுத்து, கண்ணிமை, முழங்கை மடிப்பு என்று பரவும். 1970-களிலேயே புனே மருத்துவர்கள் இந்தத் தோல் நோயைப் பதிவு செய்திருக்கிறார்கள். மகரந்தமோ மூக்கைத் தாக்குகிறது. பெங்களூருவில் மூக்கு ஒவ்வாமை நோயாளிகளைச் சோதித்து 1991-ல் வெளியான ஆய்வு ஒன்றில், அவர்களில் 34 சதவீதம் பேருக்குப் பார்த்தீனிய மகரந்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தது.

பார்த்தீனியம் மட்டும் குற்றவாளி அல்ல. சீமைக் கருவேலத்தின் மகரந்தமும் ஒவ்வாமை தரக்கூடியது என்பதை இந்தியாவிலேயே நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தென்மாவட்டங்களில் சீமைக் கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டபோது, நிலத்தடி நீரைப் பற்றி நிறையப் பேசினோம். முள்ளுக்குள் இறங்கி அதை வெட்டியவர்களின் மூச்சைப் பற்றி யாரும் பேசவில்லை. இவை தவிர அறுகு முதலான புல் வகைகள், மக்காச்சோளக் கதிர், அறுவடைக் களத்தில் பறக்கும் நெல் தூசி, ஈர வைக்கோலில் பிடிக்கும் பூஞ்சை என்று பட்டியல் நீளும்.

யார் கை போகிறது?

மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் நெல்லிலும் கரும்பிலும் களையெடுப்பவர் யார்? திருமங்கலம், பேரையூர் கரிசலில் மக்காச்சோளக் காட்டுக்குள் நுழைந்து கதிர் ஒடிப்பவர் யார்? பெரும்பாலும் சொந்த நிலம் இல்லாத பெண்கள். தமிழ்நாட்டில் விவசாயக் கூலிகள் சுமார் 96 லட்சம் பேர் என்கிறது 2011 மக்கள்தொகைக் கணக்கு. அதில் தலித்துகளின் பங்கு அவர்களின் மக்கள்தொகைப் பங்கைவிட அதிகம். நிலம் உள்ளவருக்குத் தும்மல் வந்தால் வேலையை இரண்டு நாள் தள்ளிப்போடலாம், ஆள் விட்டுச் செய்யலாம். அந்த 'ஆள்' யார் என்பதுதான் நம் கேள்வி.

நூறு நாள் வேலையிலும் இதே நிலைதான். கண்மாய்க் கரையிலும் வரத்துக்காலிலும் பார்த்தீனியத்தை வெறுங்கையால் பிடுங்கும் காட்சி சாதாரணம். வேலையை அளந்து கூலி போடுகிற இடத்தில், தும்மித் தும்மி நின்ற நேரத்துக்கும் சேர்த்துக் கூலி குறையும். வேலை முடிந்து வீடு திரும்பினாலும் தப்பிக்க முடியாது. பார்த்தீனியம் பராமரிப்பில்லாத நிலத்தில்தான் செழிக்கும். காலனிக்குப் போகும் பாதை, ஊர்க் குப்பை கொட்டும் இடம், தலித் மயானம் இவைதான் பல ஊர்களில் பராமரிப்பில்லாத நிலங்கள்.

நகரமும் விலக்கல்ல. தல்லாகுளத்தில் மாநகராட்சியின் அறிஞர் அண்ணா மாளிகை நிற்கிறது. அதன் முன்னுள்ள சாலைகளை விடியுமுன்னே கூட்டுபவர்கள் தூய்மைப் பணியாளர்கள். சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு இங்கே எதிர்சேவை நடந்து முடிந்த மறுகணம், லட்சக்கணக்கான மக்கள் விட்டுச்சென்ற குப்பையை அள்ளுபவர்களும் அவர்களே. அது வறண்ட கோடைக்காலம். மரங்கள் பூவும் சருகும் உதிர்க்கும் காலம். நீட்டு விளக்குமாறு ஒரு முறை வீசப்பட்டால் தரையில் படிந்த மகரந்தமும் புழுதியும் மறுபடி முகத்துக்கே வருகின்றன. இந்த வேலையில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தச் சமூகத்தினர் என்பது ஊரறிந்தது.

சளியா, ஒவ்வாமையா?

இரண்டையும் பிரித்தறிவது கடினமில்லை. சாதாரணச் சளி ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும். உடம்புவலி இருக்கும், காய்ச்சலும் வரலாம். மூக்குச்சளி கெட்டியாகும். ஒவ்வாமையில் காய்ச்சல் இராது. மூக்கு, கண், தொண்டை மூன்றிலும் அரிப்பு இருக்கும். ஒழுகுவது தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். ஐந்தாறு தும்மல் தொடர்ந்து வரும். வாரக்கணக்கில் நீடிக்கும். குறிப்பிட்ட வயலுக்கோ வேலைக்கோ போனால் கூடும், வேலை இல்லாத நாளில் தணியும்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் "எனக்கு அலர்ஜிதான்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். அரசு மருத்துவமனையில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை இலவசம். எடுத்துவிடுங்கள்.

நாளைக் காலையே செய்யக்கூடியவை

மூக்கையும் வாயையும் மூடுவது முதல் வேலை. மகரந்தத்துகள் கிருமியைவிடப் பல மடங்கு பெரியது. பருத்தித் துணியை இரண்டு மடிப்பாக மடித்து, மூக்கின் இருபுறமும் இடைவெளியில்லாமல் கட்டினாலே பெரும்பகுதி தடுக்கப்படும். கொரோனா காலத்து முகக்கவசம் வீட்டில் இருந்தால் அதுவும் ஆகும். வியர்வையில் நனைந்தால் மாற்றிக் கட்ட இன்னொரு துணி கையில் இருக்கட்டும். கண்ணுக்குச் சாதாரணக் கண்ணாடி போட்டாலும் பாதி அரிப்பு குறையும். தலைமுடியில் மகரந்தம் தங்கும் என்பதால் தலைக்கும் துண்டு கட்டுங்கள்.

பார்த்தீனியத்தைப் பிடுங்குவதானால் பூக்கும் முன்பே, மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்கவேண்டும். பூத்த செடியைப் பிடுங்கி உதறினால் மகரந்தமும் விதையும் பறக்கும். கையுறை இல்லாவிட்டால் பாலித்தீன் பையையாவது கையில் மாட்டிக்கொள்ளுங்கள். முழுக்கைச் சட்டை போடுங்கள். பிடுங்கியதை எரிக்கவேண்டாம், அந்தப் புகையும் மூச்சைப் பாதிக்கும். பூக்காத செடியைக் குழியில் போட்டு மட்கவைத்தால் உரமாகும். காற்றுக்கு எதிராக நிற்காமல், காற்று உங்கள் முதுகுப்பக்கமிருந்து வரும்படி நின்று வேலை செய்யுங்கள். காற்று வீசும் வறண்ட நாளில்தான் மகரந்தம் அதிகம் பறக்கும்.

வீடு திரும்பியதும் குழந்தையைத் தூக்குமுன் முகம், கை, கால் கழுவி, வேலைத் துணியை மாற்றுங்கள். அதே சேலையோடு பாயில் படுத்தால் இரவு முழுவதும் மகரந்தத்தோடு படுத்ததாகும். ஒரு டம்ளர் கொதித்து ஆறிய தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புக் கலந்து இரண்டு மூக்குத் துவாரங்களையும் மெதுவாகக் கழுவினால் நல்ல ஆறுதல் கிடைக்கும். கொதிக்கவைக்காத தண்ணீரை மூக்கில் விடவே கூடாது. நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தால் அடைப்பு சற்று இளகும், நோய் போகாது. மஞ்சள் கொம்பைச் சுட்டுப் புகை உறிஞ்சுவது ஏற்கெனவே புண்பட்ட மூக்கை மேலும் புண்ணாக்கும்.

மாத்திரையில் கவனம்

தும்மலுக்கும் நீரொழுக்குக்கும் 'செட்ரிசின்' மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும், விலையும் குறைவு. சிலருக்குத் தூக்கம் வரும். அதனால் மருத்துவர் சொன்ன அளவில் இரவில் போடுவது நல்லது. சி.பி.எம். என்று நாம் அறிந்த மஞ்சள் மாத்திரை இன்னும் அதிகமாகத் தூக்கத்தைத் தரும். அதைப் போட்டுக்கொண்டு அரிவாள் பிடிப்பதும், மரம் ஏறுவதும், டிராக்டரில் தொற்றிப் போவதும் ஆபத்து. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் கேட்காமல் எதையும் போடவேண்டாம்.

அடைப்பு அதிகமுள்ளவர்களுக்கு மருத்துவர் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதித் தருவார். அது ஒரு நாளில் வேலை செய்யாது. ஒன்றிரண்டு வாரம் விடாமல் அடித்தால்தான் முழுப் பலன் தெரியும். மெடிக்கலில் கிடைக்கும் 'அடைப்பு நீக்கும்' சொட்டு மருந்தை நாலைந்து நாளுக்கு மேல் விட்டால் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும்.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து, மெடிக்கலில் கலந்து கொடுக்கும் 'மாத்திரை செட்டு'. அதில் பல நேரம் ஸ்டீராய்டு மாத்திரை இருக்கும். போட்ட அன்றே அற்புதமாகக் கேட்கும், மறுநாள் கூலிக்குப் போகமுடியும். அதனால்தான் அது விற்கிறது. மாதக்கணக்கில் தொடர்ந்தால் சர்க்கரை ஏறும், முகம் வீங்கும், எலும்பு பலவீனமாகும், எதிர்ப்பு சக்தி குறையும். உழைக்கும் உடலைத் தவிர வேறு சொத்து இல்லாதவர்கள் அந்த உடலையே அடகு வைப்பதற்குச் சமம் இது.

மூச்சில் விசில் சத்தம் வருவது, நெஞ்சு இறுகுவது, இரவில் மூச்சுத் திணறி எழுவது, பேச மூச்சுப் போதாமல் போவது இவையெல்லாம் ஒவ்வாமை மூக்கைத் தாண்டி நுரையீரலுக்குப் போய்விட்டதன் அடையாளம். அது ஆஸ்துமா. அரசு இராசாசி மருத்துவமனைக்கோ தோப்பூர் ஆஸ்டின்பட்டி நெஞ்சக மருத்துவமனைக்கோ தாமதிக்காமல் போங்கள். மகரந்தம் உயிரையும் வாங்கும். 2016 நவம்பர் 21 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் இடிமழைக் காற்றில் புல் மகரந்தம் நொறுங்கிப் பரவியது. ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். 10 பேர் இறந்தார்கள். இன்ஹேலர் பிடித்தால் பழக்கமாகிவிடும் என்ற பயமும் வேண்டாம். மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் மாத்திரையைவிடக் குறைந்த அளவே அதில் போதும்.

சட்டம் நிற்கும் இடம்

துணி கட்டுவதும் மூக்குக் கழுவுவதும் தனி மனிதர் செய்யக்கூடியவை. இந்த நோய் வேலையால் வருகிறது என்றால், வேலை வாங்குகிறவருக்குப் பொறுப்பு இல்லையா? பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010-ல் திருத்தி வெளியிட்ட தொழில் நோய்ப் பட்டியலில், வேலையிடத்தின் ஒவ்வாமைப் பொருள்களால் வரும் ஆஸ்துமாவும் மூக்கு, தொண்டை நோய்களும் இடம்பெற்றிருக்கின்றன. உலகம் ஒப்புக்கொண்டதை நம் வயல்வரப்பு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். அந்தக் காலத்தில்தான், 1944-ல், தொழிலாளர் நலக் காப்பீட்டுக்கான அடார்கர் அறிக்கை வந்தது. அதன் வழியே 1948-ல் இ.எஸ்.ஐ. சட்டம் பிறந்தது. நோய்வாய்ப்பட்ட தொழிலாளிக்கு மருத்துவமும் வேலைக்கு வராத நாளுக்குப் பணப்பயனும் உரிமை என்று அது சொன்னது. ஆனால் அந்த உரிமை ஆலைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்பவர்களோடு நின்றுவிட்டது. பெரும்பாலான தலித்துகள் உழைக்கும் வயல் அதற்கு வெளியே கிடந்தது, இன்றும் கிடக்கிறது.

நூறு நாள் வேலைக்கு 2005-ல் வந்த சட்டம், பணியிடத்தில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி வேண்டும் என்றும், வேலையில் விபத்து நேர்ந்தால் இலவசச் சிகிச்சை தரவேண்டும் என்றும் சொன்னது. விபத்தில் கால் முறிந்தால் கணக்கு உண்டு. பத்தாண்டு களை பிடுங்கி மூச்சு கெட்டால் கணக்கில்லை. அந்த வேலை எந்தப் பெயரில் தொடர்ந்தாலும், முதலுதவிப் பெட்டியோடு கையுறையும் முகக்கவசமும் பணித்தளப் பொறுப்பாளரிடம் இருக்கவேண்டும் என்று கேட்பது பெரிய கோரிக்கை அல்ல. தூய்மைப் பணியாளர்களுக்கும் அப்படியே. ஒப்பந்த நிறுவனம் மாறினாலும் கவசம் தரும் பொறுப்பு மாநகராட்சியைவிட்டு விலகிவிடாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல திட்டம். அதே பணியாளர் வாசலில் நிற்கும்போது "மூச்சு எப்படி இருக்கும்மா, இரவில் தூங்க முடியுதா?" என்று சேர்த்துக் கேட்க ஓர் அரசாணை போதும்.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு

நாட்டில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 முதல் 22 வரை பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. அதற்கு முதல் நாள்தான் ஆகஸ்ட் 15 கிராம சபை. இதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது.

கல்லூரி மாணவர்களே, நீங்கள்தான் இந்தத் தீர்மானங்களை எழுதித் தரவேண்டும். ஒன்று, காலனிப் பாதையிலும் மயானத்திலும் உள்ள பார்த்தீனியத்தை ஊராட்சிச் செலவில் பூக்குமுன் அகற்றவேண்டும். இரண்டு, அந்த வேலைக்கு இறங்கும் ஒவ்வொருவருக்கும் கையுறையும் முகக்கவசமும் கொடுத்த பிறகே வேலை தொடங்கவேண்டும். மூன்று, ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஆண்டுக்கு இரண்டு முறை மூச்சு, தோல் பரிசோதனை முகாம் காலனியிலேயே நடக்கவேண்டும். தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, நகல் வாங்குங்கள். தலைவர் வாயால் சொன்னது காற்றில் போகும்.

இருநூறு ஆண்டுக்கு முன் லண்டன் மருத்துவர் ஒருவர் தேடிப் பார்த்து, ஏழைகளில் இந்நோயாளி ஒருவரும் இல்லை என்று எழுதினார். நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேட்டிலும் இன்று அப்படித்தான் இருக்கும். அங்கே "சளி" என்று எழுதி மூன்று நாள் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த முறை போகும்போது, என்ன வேலை செய்கிறீர்கள், எந்தச் செடியைப் பிடுங்கினால் தும்மல் வருகிறது, எத்தனை வாரமாக வருகிறது என்று மூன்றையும் சொல்லி எழுதச் சொல்லுங்கள். பதிவேட்டில் ஏறாத நோய்க்கு எந்த அரசும் பணம் ஒதுக்குவதில்லை.